ரீட்டெய்ன்: 'தக்கவைப்பு' எங்கே பொருந்தாது?

ஐபிஎல் ஏலத்துக்கு முன்னால் வரும் தக்கவைப்புப் பட்டியல் நமக்குப் பழக்கம். அதில் பெயர் இருந்தால் வீரருக்குப் பெருமை, கூடவே பணம். ஆனால் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றி எழுதும்போது, 'ரீட்டெய்ன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதே 'தக்கவைப்பை'ப் போட்டால் பொருள் கெட்டுவிடும்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'தெனேரே' என்றால் பிடித்தல். 'ரே' பின்னோக்கி என்பதைக் குறிக்கும். போகவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் வேர்ப்பொருள். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டித்தொடரான ஃபுட்பால் லீக் 1893இல் இதை விதியாக்கியது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கே. ஆண்டு முடிந்தால் ஒப்பந்தம் தீரும், ஆனால் வீரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். பதிவை விட்டுக்கொடுத்தால்தான் அவர் வேறு லீக் கிளப்புக்கு ஆட முடியும்.

1921இல் தொடங்கிய மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவில், ராச்டேல், அக்ரிங்டன் ஸ்டான்லி போன்ற சிறு கிளப்புகளில் ஆடியவர்களுக்கு மே மாதம்தான் கண்டம். யாரைப் பிடித்துவைப்பது, யாரை விடுவது, யாரை விற்பது என்ற கிளப்பின் பட்டியல் வரும். பிடித்துவைக்கப்பட்டவர் கிளப் சொல்லும் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் சம்பளமும் இல்லை, வேறு லீக் கிளப்பும் இல்லை. 1922 முதல் சம்பள உச்சவரம்பே சீசனில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. கீழ் டிவிஷனில் பலருக்கு அதுகூட எட்டவில்லை. முழு விடுதலை பெற்றவர் எங்கும் போகலாம், கூப்பிட ஆள் இருந்தால். இரண்டுக்கும் நடுவே விலை குறித்து விற்பனைக்கு விடப்பட்டவர் நிலைதான் மோசம். விலை அதிகமானால் அதே டிவிஷனின் ஏழைக் கிளப் எதுவும் வாங்காது. ஒப்பந்தமோ முடிந்துவிட்டது, கூலியும் நின்றுவிடும். விலையைக் குறைக்கச் சொல்லி லீக்கிடம் முறையிடுவது ஒரு வழி. லீக்குக்கு வெளியே, மிட்லண்ட் லீக் போன்றவற்றில் போய் ஆடுவது இன்னொரு வழி. அங்கே அந்த விலை செல்லாது.

விற்கப்பட்டாலும் பெரும்பணம் கிளப்புக்கே. 1928இல் டேவிட் ஜாக்குக்காக போல்ட்டனுக்கு ஆர்சனல் கொடுத்தது பத்தாயிரம் பவுண்டுக்கும் மேல். ஆனால் மாறும் வீரருக்கு விதிப்படி கையெழுத்துத் தொகை 10 பவுண்டுதான். 1963இல் கால்பந்து வீரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இந்தப் பிடி தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார்.

தமிழில் 'தக்குதல்' என்றால் நிலைத்தல். 'கையில் காசு தக்காது' என்கிறோமே, அதுதான். தக்கவைப்பதில் அருமை கருதிக் காப்பது என்ற தொனி இருக்கிறது. அந்தக் காலக் கால்பந்துக்கு 'பிடித்துவைப்பு' சரியான சொல். 'பதிவைப் பிடித்துவைத்தது' என்றால் இன்னும் தெளிவு. கூடவே வரும் 'டிரான்ஸ்ஃபர்' என்பதைப் 'பரிமாற்றம்' என்று எழுதுவதும் தவறு, அது கொடுத்து வாங்குவது. அரசு ஊழியர்கள் நாள்தோறும் சொல்லும் 'மாற்றல்' இருக்கிறது. 'மாற்றல் தொகை' என்றால் எவருக்கும் புரியும்.

அந்தக் கால வீரர் ஒருவரின் லீக் கணக்கு 26 வயதில் நின்று, மறு ஆண்டு மிட்லண்ட் லீக்கில் பெயர் தென்பட்டால், 'ஆட்டத்திறன் குறைந்து கீழே போனார்' என்று எழுதிவிடாதீர்கள். அந்த மே மாதப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே என்ன விலை இருந்தது என்று முதலில் பாருங்கள்.