ஆற்றுக்கு முதுகு காட்டும் கடைவீதிகள்

களனி கங்கைக் கரையிலுள்ள ஒரு சிறு நகரத்தின் கடைவீதியை அளவெடுக்கச் சென்றிருந்தேன். வரைபடத்தில் நாற்பது மீற்றர் தூரத்தில் ஓடிய ஆறு, வீதியில் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் படவில்லை. பலசரக்குக் கடை முதலாளி ஒருவரிடம் வழி கேட்டேன். “பின்னுக்குத்தான் இருக்கு சேர், ஆனா போகாதீங்க, நாறும்” என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. உணவகங்களின் கழிவுநீர்க் குழாய்கள் கரைச் சரிவிலேயே திறந்துவிடப்பட்டிருந்தன. வெள்ளம் கொண்டுவந்த பொலித்தீன் பைகள் மூங்கில் புதர்களில் ஆளுயரத்துக்குச் சிக்கியிருந்தன. நடுவே ஒரு கபரகொய்யா, அதாவது பெரிய நீர் உடும்பு, எவரையும் பொருட்படுத்தாமல் படுத்திருந்தது.

அந்த ஊர் பிறந்ததே ஆற்றால்தான். சரக்குகள் தட்டைப் படகுகளில் கொழும்புக்கு இறங்கிய காலத்தில் ஆறே நெடுஞ்சாலை, கரையே கடைத்தெரு. பாதையும் ரயிலும் வந்தபின் கடைகளின் முகம் வீதிக்குத் திரும்பியது. முன்வாசலாக இருந்த ஆறு கொல்லைப்புறமானது. கொல்லைப்புறத்தில் குப்பை சேர்வதில் வியப்பில்லை.

கொழும்பில் நிலத்தோற்ற வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இத்தகைய கரைகளை “அழகுபடுத்தித்” தரும்படி அவ்வப்போது அழைப்பு வருவதுண்டு. அந்தச் சொல்லின் பொருள் பெரும்பாலும் இன்டர்லொக் கல் பதித்த நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள், துருப்பிடிக்காத உருக்குக் கைப்பிடி, ஒரு நினைவுக்கல் என்பதாகவே இருக்கும். அப்படியொரு கரையை நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். இடத்தைச் சொல்லாமல் தவறை மட்டும் சொல்கிறேன். ஆற்றில் எவரும் விழுந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், நீருக்கு இறங்க ஒரு படிகூட வைக்காமல் கைப்பிடியை முழு நீளத்துக்கும் ஓட்டிவிட்டேன். நிழல்மரங்களுக்கு ஒதுக்கிய பணம் விளக்குகளுக்குப் போனதை எதிர்க்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு, பகல் பத்து மணி முதல் மாலை நான்கு வரை அங்கே நாய்கள்கூடத் தங்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து கற்களை மூடியது. அதைச் சுரண்டி எடுக்க நகர சபையிடம் ஆளும் இல்லை, நிதியும் இல்லை.

அதிலிருந்து நான் கற்றது இதுதான்: கரையைப் பார்க்கும் பொருளாக்கினால் மக்கள் ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள், கரையில் செய்வதற்கு ஏதேனும் இருந்தால் மட்டுமே வாரந்தோறும் வருவார்கள். நடை, ஓட்டம், துடுப்புப் படகு, தூண்டில், பிள்ளைகளின் மிதிவண்டி என எதுவானாலும் சரி, உடல் அசைய வேண்டும். பத்தரமுல்லையில் 2012 இல் திறக்கப்பட்ட தியத்த உயன என்ற நீர்க்கரைப் பூங்காவில் மாலை வேளைகளில் கூடுவோர் சிற்பங்களைக் காண வருவதில்லை. நடக்கவும், பிள்ளைகளை ஓடவிடவும், அப்படியே ஏதாவது வாங்கிச் சாப்பிடவும் வருகிறார்கள். வியாபாரம் நடையின் பின்னால் வந்தது. சிறு நகரங்களின் சபைகள் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்கி, முதலில் கடைத்தொகுதியைக் கட்டிவிட்டு ஆளைத் தேடுகின்றன.

ஆனால் நீரின் தரத்தை ஒதுக்கிவிட்டு இதைப் பேசுவதில் பயனில்லை. கொழும்பின் பேர வாவியில் 1864 இல் தொடங்கிய துடுப்புப் படகுக் கழகம் இருக்கிறது. அந்த வாவியிலுள்ள சீமமாலக்க பௌத்த விகாரையின் அருகே அன்ன வடிவ மிதிபடகுகள் இருக்கின்றன. 2018 இல் கொழும்பு உலகின் முதல் 18 ராம்சார் (ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டுமிருக்கிறது. எனினும் வாவியின் பச்சை நிறத்தைக் கண்ட எந்தப் பெற்றோரும் பிள்ளையை அதில் கை நனைக்க விடமாட்டார்கள். கழிவுநீர் கலப்பது நிற்காதவரை பாசி படர்வதும் நிற்காது. சிறு நகரத்தின் ஆற்றுக்கும் இதே கணக்குத்தான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆர்கன்சா ஆற்றங்கரையில் சலைடா என்ற சிறு நகரம் இருக்கிறது. 1880 இல் ரயில் பாதைக்காகப் பிறந்து, ரயிலும் சுரங்கங்களும் ஓய்ந்தபோது தளர்ந்த ஊர் அது. 1949 முதல் அங்கே ஆண்டுதோறும் படகுப் போட்டி நடக்கிறது. இன்று நகர மையத்திலேயே கயாக் எனும் சிறு துடுப்புப் படகு ஓட்டுவதற்கான நீரோட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. கரையிலிருந்து சில அடி எடுத்து வைத்தால் கடைவீதி. இதைப் படங்களில் காட்டி “நாமும் செய்வோம்” என்பவர்கள் மேல்நதியின் கதையைச் சொல்வதில்லை. அந்த ஆற்றின் மேற்பகுதியில் உலோகக் கழிவைக் கலந்துகொண்டிருந்த லெட்வில் சுரங்கப் பகுதி 1983 இல் மாசடைந்த இடங்களுக்கான மத்திய அரசின் துப்புரவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2014 இல்தான் அந்த ஆற்றின் 102 மைல் நீளம் மாநிலத்தின் உயர்தர மீன்பிடி நீராக அறிவிக்கப்பட்டது. இடையில் கழிந்தவை முப்பத்தோர் ஆண்டுகள். நமது சபைகளின் பதவிக்காலத்தோடு இதை ஒப்பிட்டால், நடைபாதைக் கல் ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்பது விளங்கும்.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. அதே களனி கங்கையின் மேற்பகுதியில், கித்துல்கலவில், வெள்ளை நீர்ப் படகோட்டம் (நுரைத்துப் பாயும் நீரில் படகு ஓட்டுவது) ஓர் ஊரின் பிழைப்பாகவே மாறியிருக்கிறது. அங்கே எவரும் கரையில் கல் பதித்து ஆட்களை வரவழைக்கவில்லை. ஓடும் நீரும், அதன் சுழியும் பாறையும் அறிந்த உள்ளூர் இளைஞர்களும் போதுமாக இருந்தார்கள். கீழே வந்தால் ஆறு அமைதியாகிறது, ஆனால் அந்த அமைதியை நம்ப முடியாது. மணல் அகழ்ந்த குழிகள் நீருக்கடியில் இருக்கின்றன. குளிக்க இறங்குபவர் இரண்டடி தள்ளிக் கால் வைத்தால் ஆழம் எவ்வளவென்று அவருக்குத் தெரியாது. எனவே கீழ்க்களனி நகரங்களில் நீராடுதுறையைவிட, ஆழம் அளந்து மிதவை கட்டி எல்லை குறித்த ஒரு துண்டு நீரில் உயிர்காப்பு அங்கியோடு துடுப்புப் படகு ஓட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். வெள்ளம் வடிந்த வாரங்களில் எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் அதையும் மூடிவைக்க வேண்டும்.

வெள்ளத்தைப் பகைக்காமல் வடிவமைப்பதும் அவசியம். 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதைக் கண்டவர்கள், கரையில் நிரந்தரக் கட்டடம் எழுப்ப நினைக்க மாட்டார்கள். மூழ்கினாலும் கழுவிவிட்டால் மீளும் கருங்கற் படிகள், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய கடைத்தட்டுகள், வேரால் கரையைப் பிடிக்கும் கும்புக் (நீர்மருது) மரங்கள் போதும். மலசலகூடத்தையும் பெண்கள் உடை மாற்றும் அறையையும் மட்டும் மேட்டில், வெளிச்சமுள்ள இடத்தில் கட்ட வேண்டும். இவை இரண்டும் இல்லாத கரை சில வாரங்களில் ஆண்கள் மது அருந்தும் இடமாகிவிடும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

கரையில் ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பற்றித் திட்ட அறிக்கைகள் “அத்துமீறியோர்” என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆற்றின் ஏற்ற இறக்கத்தை எந்தப் பொறியியலாளரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். படகையும் காவலையும் தேநீர்க்கடையையும் அவர்களிடம் ஒப்படைக்காமல் அவர்களை அகற்றுவது, பராமரிப்புக்கு இருந்த ஒரே ஆட்பலத்தை அனுப்பிவிட்டுப் பின்னர் ஆள் இல்லை என்று வருந்துவதாகும்.

அண்மைக் காலமாக எந்த நகர சபையிலிருந்து அழைப்பு வந்தாலும், வரைபடத்துக்கு முன்பாக இரண்டு பொருள்களைக் கேட்கிறேன்: ஆற்றுநீரின் மலக் கிருமிப் பரிசோதனை அறிக்கை ஒன்று, எந்தெந்தக் கட்டடத்தின் குழாய் ஆற்றில் திறக்கிறது என்ற பட்டியல் மற்றொன்று. பட்டியலில் சபையின் சொந்தச் சந்தைக் கட்டடமும் இடம்பெறும் என்பதால், கூட்டம் பல வேளைகளில் தேநீரோடு முடிந்துவிடுகிறது.