ஸ்லோவேனியாவில் எத்தனை ராத்திரி?

போன மாதம் என் மேசைக்கு ஒரு பயணத் திட்டம் வந்தது. காலைச் சாப்பாடு வியன்னாவில், ராத்திரிச் சாப்பாடு வெனிஸில். நடுவில் ஒரே ஒரு வரி: ‘பிளெட் ஏரி, போட்டோ ஸ்டாப், 2 மணி நேரம்.’ கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர், மனைவி, மகள், 74 வயது அம்மா என்று நான்கு பேர். வேறோர் இடத்தில் வாங்கிய திட்டத்தை, “ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க” என்று நீட்டினார்.

“சார், இந்த ஏரி எந்த நாட்டில் இருக்கு?”

“ஆஸ்திரியாதானே?”

ஸ்லோவேனியா. அவர் மேல் தப்பில்லை. திட்டத்தில் அந்த நாட்டின் பெயரே இல்லை. நான் 19 வருடமாகத் திருச்சியில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஸ்லோவேனியாவுக்கு நானே இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். அந்த நாட்டைப் பற்றி யார் கேட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை ராத்திரி தங்கப் போகிறீர்கள்?

தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான நிலம், சுமார் 21 லட்சம் மக்கள். 1991ல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. 2007ல் யூரோவுக்கு மாறி, அந்த வருடக் கடைசியிலேயே ஷெங்கன் வட்டத்துக்குள்ளும் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) வந்துவிட்டது. சின்ன நாடுதானே, போகிற வழியில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது. இன்னொரு விஷயம், ஸ்லோவாக்கியா வேறு நாடு. கொடியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டு ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் ஹோட்டல் போட்டவர் ஒருவர் எனக்கே வாடிக்கையாளராக வந்திருக்கிறார்.

அந்த 2 மணி நேரக் கணக்கைப் பார்ப்போம். பேருந்து நிறுத்துமிடத்திலிருந்து கரைக்கு நடக்க வேண்டும். ஏரி நடுவில் ஒரு குட்டித் தீவு, அதில் தேவாலயம். அங்கே போக ‘ப்ளெட்னா’ என்கிற துடுப்புப் படகு. மோட்டார் படகுக்கு அனுமதி கிடையாது. படகு நிறைந்தால்தான் படகோட்டி கிளப்புவார். நின்றுகொண்டே இரட்டைத் துடுப்பு போடுவார், அவசரப்பட மாட்டார். தீவில் இறங்கியதும் 99 படிகள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு இந்தப் படிகளை ஏற வேண்டும் என்பது ஊர் வழக்கம். மேலே தேவாலயத்துக்குள் ஒரு கயிறு தொங்கும். இழுத்து மணியடித்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். நான் இழுத்தபோது கயிறு வந்தது, மணி வரவில்லை. பின்னால் நின்ற ஒரு கிழவி சிரித்துக்கொண்டே, மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும் என்று கையால் காட்டினார். நான்காவது இழுப்பில்தான் ஒலித்தது. திரும்பிக் கரைக்கு வரும்போது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. பேருந்தில் வந்தவர்களுக்கு மிச்சம் அரை மணி. அதில் பாதி கழிப்பறை வரிசையில்.

அங்கேயே தங்கினால் கதை வேறு. காலை ஆறரைக்கு ஏரியைச் சுற்றி நடக்கலாம், சுமார் 6 கிலோமீட்டர். பேருந்துகள் எதுவும் வந்திருக்காது. தண்ணீர் மேல் ஆவி நிற்கும். அந்த நேரத்தில் பார்க்கிற ஏரியும் பதினொரு மணிக்குப் பார்க்கிற ஏரியும் ஒன்றல்ல. ஜூலை, ஆகஸ்ட்டில் நடக்கக்கூட இடமிருக்காது. ஜூனோ செப்டம்பரோ நல்லது. கூட்டமே ஆகாதென்றால் இன்னும் 26 கிலோமீட்டர் தள்ளி போஹின் ஏரிக்குப் போய்விடுங்கள். பிளெட்டைவிடப் பெரியது, மூன்று பக்கமும் மலை. தீவு, மணி என்ற அலங்காரம் ஒன்றும் கிடையாது. என்னைக் கேட்டால் போஹின்தான்.

இனி ராத்திரிக் கணக்கின் இன்னொரு பக்கம், விசா. இதைப் படித்துவிட்டு மற்றதை விட்டால்கூடப் பரவாயில்லை. ஷெங்கன் விதி நேரானது: எந்த நாடு உங்கள் பயணத்தின் முக்கிய நோக்கமோ, எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஆனால் கோடை விடுமுறை நெருங்கினால், “எங்கே ஸ்லாட் இருக்கோ அங்கே போடுங்க, உள்ளே போயிட்டா யார் கேட்பாங்க” என்று சொல்கிற முகவர்கள் முளைத்துவிடுகிறார்கள். சின்ன நாடுகளின் பெயர் இப்படித்தான் பலருக்கு அறிமுகமாகிறது. 5 ராத்திரிக்கு ஸ்லோவேனியாவில் பொய் புக்கிங், விசா வந்ததும் ரத்து, அப்புறம் ரோமில் போய் இறங்குவது.

அப்படிப் போன ஒரு குடும்பம் பின்னர் என்னிடம் வந்தது. இறங்கிய விமான நிலையத்தில் அதிகாரி ஹோட்டல் சீட்டைக் கேட்டிருக்கிறார். ரத்தான புக்கிங். குழந்தையோடு மூன்று மணி நேரம் உட்கார வைத்துக் கடைசியில் விட்டார்கள். அடுத்த வருடம் வேறொரு நாட்டுக்கு விண்ணப்பித்தபோது நிராகரிப்பு. அந்த நிராகரிப்பு பின்னாலேயே வரும். ஒவ்வொரு படிவத்திலும் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். முகவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, கையெழுத்து உங்களுடையது.

மற்றவை எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் பொதுவானவைதான். பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் கொடுத்ததாகவும், திரும்பும் தேதிக்கு அப்புறம் 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தை 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்புதான் கடைசிக் கெடு என்று சட்டம் சொன்னாலும், அதை நம்பி ஏப்ரல் பத்தாம் தேதி வந்து மே மாதப் பயணம் கேட்காதீர்கள். ஒரு நல்ல சேதியும் உண்டு. 2023 ஜனவரி முதல் குரோவேஷியாவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் ஒரே விசாவில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். இரட்டை நுழைவு விசா வேண்டும் என்று சொல்கிற பழைய குறிப்புகளைத் தள்ளிவிடுங்கள். அதே வருடம் அக்டோபரில் இத்தாலி தன் ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை மறுபடி வைத்தது. அதனால் பாஸ்போர்ட் பெட்டியின் அடியில் அல்ல, கையில் இருக்கட்டும்.

சரி, ஏரியை விட்டுக் குகைக்கு வருவோம். இந்த நாட்டின் உண்மையான அதிசயம் தரைக்குக் கீழேதான். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து உண்டாக்கும் நிலத்தை உலகம் முழுக்கப் புவியியலில் ‘கார்ஸ்ட்’ என்பார்கள். அந்தப் பெயர் வந்ததே இங்குள்ள க்ராஸ் மேட்டுநிலத்திலிருந்துதான். செர்க்னிட்சா என்று ஓர் ஏரி. நிறைந்தால் நாட்டிலேயே பெரியது, கோடையில் பெரும்பாலும் புல்வெளி. நம் ஊர் ஏரி வெயிலில் வற்றும். இது அடியிலுள்ள ஓட்டைகள் வழியே இறங்கிப்போகிறது. மழை வந்தால் அதே பூமிக்குள்ளிருந்து ஊறிவருகிறது. ‘ஏரியைக் காணோம்’ என்று ஆகஸ்ட்டில் போய்ப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

பெயர்பெற்ற குகைகள் இரண்டு. எது உங்களுக்கானது என்பதைப் போகும் முன்பே முடிவுசெய்யுங்கள். போஸ்டோய்னாவில் 1872லேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இப்போது குட்டி ரயிலே உள்ளே அழைத்துப்போகும். நடப்பது ஒன்றரைக் கிலோமீட்டர்தான், அதுவும் நல்ல பாதை. மெதுவாக நடக்கும் பெரியவர்களும் சமாளிக்கலாம். அங்கே ‘ப்ரோட்டியஸ்’ என்று ஒரு பிராணி உண்டு. கண் தெரியாது, தோல் மனிதத் தோல் நிறம், இருட்டிலேயே வாழும். வெள்ளத்தில் வெளியே அடித்துவரப்பட்டதைப் பார்த்த அந்தக் காலத்து மக்கள் அதை டிராகன் குட்டி என்று நம்பினார்கள். 2016ல் அதன் முட்டைகள் குகைத் தொட்டியில் பொரிந்தபோது உலகமே எட்டிப் பார்த்தது.

ஷ்கோட்சியான் குகை 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இங்கே ரயில் கிடையாது. நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்க வேண்டும். உள்ளே ரேகா என்கிற முழு ஆறு ஓடுகிறது. அதற்கு மேலே சுமார் 45 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகிய பாலம். கீழே இரைச்சல் கேட்கும், விளிம்பு தெரியாது, எதிரே சுவரில் விளக்குகள் எறும்பு வரிசை மாதிரி போகும். வழிகாட்டியோடு போகும் அந்தப் பகுதியில் போட்டோ எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். இங்கே மறையும் ஆறு, பூமிக்கடியிலேயே போய் இத்தாலிக் கடற்கரைக்குப் பக்கத்தில் திமாவோ என்ற பெயரில் வெளியே வருகிறது. முழங்கால் வலி, தலைசுற்றல், உயர பயம் இருப்பவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு குகையிலும் வருடம் முழுக்க 10, 12 டிகிரிதான். வெளியே 32 டிகிரி வெயிலில் அரைக்கைச் சட்டையோடு வந்து, உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்வெட்டர், பிடிமானமுள்ள ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம்.

மேற்கே சோச்சா ஆறு. அதன் நிறத்தைப் படத்தில் பார்த்தால் கம்ப்யூட்டரில் பச்சை ஏற்றியிருப்பதாகத் தோன்றும். நேரில் அப்படியேதான் இருக்கிறது. அங்கே போக நான் சொல்லும் வழி வர்ஷிச் கணவாய்: 1,611 மீட்டர் உயரம், எண் போட்ட 50 கொண்டை ஊசி வளைவுகள். முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட பாதை அது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் அவர்களில் நூறு பேருக்கு மேல் புதைந்துபோனார்கள். மரத்தாலான ஒரு சின்ன ரஷ்யக் கோயில் வழியில் இருக்கிறது. கார்க்காரர்கள் பலர் அடுத்த வளைவு நினைப்பில் அதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். இறங்கிப் பாருங்கள். இறக்கத்துக்கு அப்பால், கோபரிட் ஊரின் அருங்காட்சியகம் அந்தப் போர்முனையை மட்டுமே சொல்கிறது. இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் 1915 முதல் 1917 வரை 12 சண்டைகள். குளிர்காலத்தில் கணவாய் மூடியிருக்கும். வளைவுகளில் வாந்தி வரும் குழந்தை இருந்தால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சோச்சாவில் ராஃப்டிங், அதாவது வேகமான ஆற்றில் ரப்பர் படகு விடுவது, பிரபலம். கோடையிலும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். இளைஞர்கள் போகட்டும், ஆனால் அதற்கு முன் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படிக்கட்டும். விசாவுக்காக எடுக்கும் மலிவுக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு விலக்கு போட்டிருப்பார்கள். கால் முறிந்தபின் அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பயனில்லை. மலையேற்றத்துக்கும் இதே பேச்சுதான். அங்கே எந்த அவசரத்துக்கும் 112.

காரை வெனிஸில் வாடகைக்கு எடுத்து ஓட்டிவருகிறவர்கள் கவனிக்க: ஸ்லோவேனிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி கிடையாது. ‘விக்னெட்’ என்கிற கட்டணத்தை முன்கூட்டியே, வண்டி எண்ணைக் கொடுத்து ஆன்லைனில் கட்ட வேண்டும். முன்பு கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கராக இருந்தது, இப்போது அது இல்லை. சாவடி இல்லையே, இலவசம்போல என்று ஓட்டினால் கேமரா பிடித்துவிடும். அபராதம் 300 யூரோவில் ஆரம்பம். நம் ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச அனுமதிச் சீட்டும் வேண்டும்.

தலைநகர் லுப்லியானாவுக்கு இரண்டு ராத்திரி போதும். பழைய நகருக்குள் கார் கிடையாது. நடக்க முடியாதவர்களை ‘கவலிர்’ என்ற குட்டி மின்வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்வார்கள். கையைக் காட்டினால் நிறுத்துவார்கள். பிளெச்னிக் என்கிற கட்டடக்கலைஞர் ஏற்கெனவே இருந்த கல்பாலத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று சேர்த்து மூன்று பாலமாக்கியிருக்கிறார். அவருடைய கட்டடங்கள் 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நகரின் சின்னம் டிராகன், 1901ல் கட்டிய பாலத்தில் நான்கு மூலையிலும் உட்கார்ந்திருக்கிறது. கடற்கரை வேண்டுமென்றால் பிரான் என்ற வெனிஸ் சாயல் ஊர், பகலில் போய்த் திரும்பலாம். ரயில் பைத்தியங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம்: பிளெட் யெஸெரோ நிலையத்தில் ஏறி நோவா கோரிட்சா போனால், கடைசியில் சோல்கான் பாலம். ஒரே கல்வளைவு 85 மீட்டர். கல்லால் ஆன ரயில் பாலங்களில் இதைவிடப் பெரிய வளைவு உலகில் இல்லை.

அந்த வங்கி அதிகாரி கடைசியில் வியன்னாவை ஒதுக்கிவிட்டார். லுப்லியானா 2, போஹின் 3, கோபரிட் 1, வெனிஸ் 2. விசா ஸ்லோவேனியாவிடம், நியாயப்படியே. அம்மாவுக்குப் போஸ்டோய்னா, மகளுக்கு ஷ்கோட்சியான். அவருடைய ஒரே கவலை அம்மாவின் சாப்பாடு. முட்டைகூடத் தொடமாட்டார், அதனால் பிளெட்டின் புகழ்பெற்ற க்ரீம் கேக்கும் கிடையாது. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். யோட்டா என்ற புளித்த முட்டைகோஸ் சூப்பில் பெரும்பாலும் தொத்திறைச்சி கிடக்கும். போஹினில் அடுப்பங்கரையுள்ள வீடாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரிய கடைகள் எல்லாம் பூட்டு. சனிக்கிழமை சாயங்காலமே அரிசியும், ‘நவாட்னி யோகுர்ட்’ என்று எழுதிய டப்பாவும் வாங்கிவைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை சேர்க்காத தயிர் அதுதான்.