கற்றாழை ஜெல்லில் வைட்டமின் ஈ: கலந்த மாதிரிதான் தெரியும்

மே மாத வெயிலில் வேளச்சேரியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார், கையில் அவரே வீட்டில் தயாரித்து விற்கும் கற்றாழை ஜெல். ஜெல் கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனால் பாட்டில் கழுத்தில் மஞ்சளாக ஒரு மெல்லிய வளையம். தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "வைட்டமின் ஈ பச்சைக் கேப்ஸ்யூலை உடைச்சு ஊத்தி பிளெண்டர்ல அடிச்சேன் மேடம், அன்னிக்கு வெள்ளையா கிரீம் மாதிரி நல்லாத்தான் வந்துச்சு" என்றார்.

அந்த வெள்ளைதான் ஏமாற்றியது. அது கலந்த நிறமில்லை. எண்ணெய்த் துளிகளும் காற்றுக் குமிழிகளும் சேர்ந்து காட்டுகிற நிறம்.

ரசத்தில் நெய் விட்டால் உடனே மேலே வந்துவிடும், கேழ்வரகுக் கூழில் விட்டுக் கிண்டினால் அங்கங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். கூழ் நெய்யைக் கரைத்துவிட்டதா என்ன? ஜெல்லும் அப்படித்தான். கேப்ஸ்யூலில் இருப்பது டோகோஃபெரில் அசிடேட் என்ற வைட்டமின் ஈ வடிவம், தண்ணீரில் கரையவே கரையாத, தண்ணீரைவிட லேசான எண்ணெய். ஜெல்லின் கெட்டித்தன்மை அதைச் சில நாள் பிடித்து வைக்கும், அப்புறம் சென்னை வெயிலில் ஜெல் இளகினாலோ, கார்போமர் என்ற பொருளால் கெட்டியாக்கிய ஜெல்லில் உப்புச் சத்துள்ள ஏதாவது சேர்ந்து நீர்த்துப்போனாலோ துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே வந்துவிடும்.

பார்க்க அசிங்கம் என்பதோடு இது முடிவதில்லை. அவர் ஒரு கிலோ ஜெல்லுக்கு 400 மில்லிகிராம் கேப்ஸ்யூல் பத்து போட்டிருந்தார். அதாவது 4 கிராம், 0.4 சதவீதம், சரியான அளவுதான். ஆனால் 100 கிராம் பாட்டிலில் இருக்க வேண்டிய 0.4 கிராமும் மேலே உள்ள முதல் 5 கிராமில் சேர்ந்துவிட்டால் அங்கே 8 சதவீதம், கீழே ஒன்றுமில்லை. வைட்டமின் ஈ சிலருக்குத் தோலில் அலர்ஜி தரும். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் என்றால் இன்னும் மோசம்: ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிற பொருள் அது, அதை இப்படிக் குத்துமதிப்பாக ஜெல்லில் ஊற்றுகிறவர்களையும் பார்க்கிறேன்.

சரி, ஜெல்லில் போடவே முடியாதா? முடியும். எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவைக்கிற பாலிசார்பேட் 80 அல்லது பெக்-40 ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில் வாங்கி, வைட்டமின் ஒரு பங்குக்கு இது ஐந்து பங்கு என்று முதலில் இவை இரண்டையும் மட்டும் கலக்க வேண்டும், பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். வரிசையை மாற்றினால் வேலைக்காகாது. கலங்கலாக இருந்தால் ஐந்தை ஏறக்குறைய பத்து வரை ஏற்ற வேண்டிவரும், ஏற்றினால் முகத்தில் பிசுக்கென்று இருக்கும். கெட்டுப்போகாமல் காக்கும் பிரிசர்வேட்டிவான பாராபென் போட்டிருந்தால் அதையும் பாலிசார்பேட் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பலவீனமாக்கும். அதனால் இந்த வழியில் தெளிவான ஜெல் செய்தால் வைட்டமின் ஈ 0.2 சதவீதத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள் என்பேன். தெளிவு முக்கியமில்லை என்றால் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர் போட்டுக் கிரீம்-ஜெல்லாகவே செய்யலாம், எனக்குப் பிடித்த வழி அதுதான். இல்லையா, தண்ணீரில் தானாகவே கரையும் வைட்டமின் பி வகைகளான பாந்தெனாலோ நியாசினமைடோ போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இன்னொன்று, "வைட்டமின் ஈ போட்டா கெட்டுப்போகாதுல்ல மேடம்?" என்று அவரும் கேட்டார். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காப்பது டோகோஃபெரால் என்ற வைட்டமின் ஈ வடிவம், கேப்ஸ்யூலில் இருக்கிற அசிடேட் ஜெல்லில் அதைக்கூடச் செய்யாது. பூஞ்சையையும் பாக்டீரியாவையும் இரண்டுமே தடுக்காது. கற்றாழைச் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், பிரிசர்வேட்டிவ் இல்லாமல் அதைப் பாட்டிலில் அடைத்து விற்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். விற்பதற்காகத் தயாரிக்க உரிமமும் வேண்டும் என்று சொன்னேன். அது அவருக்குப் புதுச் செய்தி.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து லேபிள் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். 500 லேபிள், ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு பச்சைக் கேப்ஸ்யூல். "இதை என்ன மேடம் பண்றது?"