சாட்சி சொல்வதற்கு முன் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்

போன வாரமும் ஒரு வீட்டில் அதே கதை. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். அந்த அக்காவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஏதோ ஒரு உபவாசக் கூட்டத்தில் தலையில் கை வைத்து ஜெபித்து, "இன்றோடு உனக்கு மாத்திரை வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றே நிறுத்திவிட்டார். நடவு வயலில் இறங்கிய காலில் சின்னதாக ஒரு கொப்புளம். அது புண்ணாகி, கறுத்துப்போய், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பார்க்கப் போன போதகரான என்னிடம் வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஐயா, எனக்கு விசுவாசம் பத்தலையா?" என்றுதான் கேட்டார்.

வைத்தியத்தை விட்டவர் கால்விரல் போய்ப் படுத்திருக்கிறார், விடச் சொன்னவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார், பழி மட்டும் இவர் விசுவாசத்தின் மேல். இப்படி எத்தனை வீடுகளில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது? அடக்க ஆராதனை நடத்துகிற கைக்குத்தான் தெரியும், இவற்றில் எவ்வளவு தடுத்திருக்கக் கூடியவை என்று.

மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று எந்த வேதத்தில் இருக்கிறது? கேட்டால் உடனே ஆசா ராஜாவைக் காட்டுவார்கள். காலில் வியாதி வந்தபோது அவன் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே, அதாவது வைத்தியர்களையே, தேடினான் என்று 2 நாளாகமம் 16-ல் இருக்கிறதாம். இருக்கிறது. அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படியுங்கள். ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்பியவன் அவன். கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் போட்டவன். கர்த்தரை விட்டதுதான் அவன் குற்றம், வைத்தியரிடம் போனது அல்ல.

எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். சாகப்போகிறாய் என்று ஏசாயா தீர்க்கதரிசியே வந்து சொல்லிவிட்டார். சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான். ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார் ஆண்டவர். வாக்குத்தத்தம் கிடைத்தாயிற்று, அப்புறம் எதற்கு மருந்து? ஆனாலும் அதே ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில், அத்திப்பழ அடையைப் பிளவைக் கட்டியின் மேல் பற்றுப் போடச் சொல்கிறார் ஏசாயா. ஜெபமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. அப்போஸ்தலன் பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியர். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய பவுலே, தன் கூட இருந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று அவர் எழுதவில்லையே! தன் சரீரத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுபடாத மனுஷன் அவர். அவருக்கும் விசுவாசம் குறைவு என்பீர்களா?

நம் மண்ணின் கதையும் அதுதான். 1706-ல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அந்த மிஷனுக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்களையும் அனுப்பி வைத்தார்கள். தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையில் வளர்ந்த சரபோஜி மன்னர், தன் வைத்தியசாலையான தன்வந்திரி மகாலில் நோயாளிகளின் கண்ணைச் சோதித்துக் குறிப்பு எழுதி வைக்கச் செய்தார். இந்தக் காவிரிக் கரையில் சபையும் வைத்தியமும் சண்டை போட்டதே இல்லை. இந்தச் சண்டையை மூட்டிவிட்டது ஒலிபெருக்கிக் கூட்டங்கள்தான்.

சபைகளின் சாட்சி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மிகுந்த வருத்தம் அதில்தான். ஒருவர் எழுந்து, "மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டேன், சுகமாக இருக்கிறேன்" என்கிறார். சபை அல்லேலூயா சொல்கிறது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு அம்மா வீட்டுக்குப் போய்த் தன் மாத்திரையையும் நிறுத்துகிறார். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஏறும்போது பெரும்பாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. நன்றாக இருப்பதுபோலத்தான் இருக்கும். பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு என்ன சொன்னார்? போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார். குஷ்டம் நீங்கியதா என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பு அன்றைக்கு ஆசாரியனுக்கு இருந்தது. சுகமாக்கிய ஆண்டவரே பரிசோதனைக்கு அனுப்புகிறார், நமக்கு என்ன அவசரம்? எங்கள் சபையில், சுகமானேன் என்று சாட்சி சொல்ல வருகிறவரிடம் ரத்தப் பரிசோதனை முடிவு எங்கே, மாத்திரையைக் குறைக்கச் சொன்னது டாக்டரா என்று முதலில் கேட்கிறேன். டாக்டர் பார்த்துக் குறைத்திருந்தால் என்னைவிடச் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்கிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். சக போதகர்களே, இதை நீங்களும் செய்யுங்கள். கோபித்துக்கொண்டு இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போனால் போகட்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலம் வந்தால் வேறு பிரச்சினை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அல்லது இன்சுலினைக் குத்திக்கொண்டு, சாப்பிடாமல் உபவாசம் இருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பெரியவர் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, கை நடுங்குகிறது, நாக்குக் குழறுகிறது. பக்கத்திலிருந்தவர்கள் அபிஷேகம் இறங்குகிறது என்று இன்னும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். போதகரின் மனைவி ஐயரம்மா ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார். சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் இருக்கும். நினைவிருந்தால் உடனே இனிப்புக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். உபவாசம் இருக்கத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் கோபத்தை விட்டு உபவாசம் இருங்கள், புறம் பேசுவதை விட்டு இருங்கள். ஆண்டவர் அதையும் ஏற்றுக்கொள்வார்.

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறும், செப்டம்பர் 8 திருவிழா. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ரோடு முழுக்க நடைபயணம். நம் சபைப் பிள்ளைகளும் போகிறார்கள், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குக் கல் குத்துவதும் தெரியாது, சுடுவதும் தெரியாது. செருப்புப் போடுங்கள். மாத்திரையைப் பையில் வையுங்கள். ராத்திரி தங்குகிற இடத்தில் பேரப்பிள்ளையை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் மிகவும் ஆபத்தானது. நிற்காமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிரே போகலாம். நம் ஊரில் ஆறும் வாய்க்காலும் பம்புசெட் தொட்டியும் எங்கும் இருக்கின்றன. வலிப்புள்ள பிள்ளையைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மனநோயைப் பிசாசு என்று கட்டிப்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இடத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அப்படிச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. எந்த மதத்தின் பெயரைச் சொல்லியும் யாரையும் கட்டிவைக்காதீர்கள். மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம்தான். பேசுகிறவர்களுக்குத் தமிழும் தெரியும்.

மருந்துக்குக் காசில்லை என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வராத தெருவில் இருக்கிறீர்கள் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதியுங்கள்.

ஏற்கெனவே மாத்திரையை நிறுத்திவிட்டு இதைப் படிக்கிறவரா நீங்கள்? பழைய அட்டையை எடுத்து உங்கள் இஷ்டத்துக்கு மறுபடி ஆரம்பிக்காதீர்கள். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்துதான் நிறையப் பேர் போகாமலே இருக்கிறார்கள். நம் சபைக்காரர்களுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூடவே வருகிறேன். ஞாயிறு ஆராதனை நேரம் மட்டும் வேண்டாம்.