டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பாத ரம்பம்

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின் வாங்கி மூன்று வருடம் ஆகிறதாம். "காலையில எடுத்தா ரெண்டாவது இழுப்புல கிளம்பிடுதுங்க. ஒரு மணி நேரம் அறுத்துட்டு, நிறுத்தி வச்சுட்டு, டீ குடிச்சுட்டு வந்து இழுத்தா தோள்பட்டை கழண்டாலும் கிளம்ப மாட்டேங்குது. மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. கூட வேலை செய்யுற பெரியவர், மிஷினுக்குக் கண்ணு பட்டிருக்குன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டார். நெஜமாவே அதுக்கப்புறம் கிளம்புச்சு. என்ன காரணம் சார்?"

எலுமிச்சம்பழம் வேலை செய்தது என்பதை நான் மறுக்கப் போவதில்லை. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி, பழம் வாங்கி வந்து, மூன்று முறை சுற்றி, முச்சந்தியில் நசுக்கிவிட்டு வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த முக்கால் மணி நேரம்தான் மருந்து. பழம் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கிளம்பியிருக்கும்.

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. குளிர்ந்த மிஷின் கிளம்புகிறது. நன்றாக ஆறிய மிஷினும் கிளம்புகிறது. நடுவில், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மட்டும் ஏதோ நடக்கிறது. அது என்ன?

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இது பழைய டிவிஎஸ் 50 வண்டியில் இருந்த அதே வகை டூ ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும், பிஸ்டன் அதை அழுத்த வேண்டும், பிளக் பொறி தர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கிளம்பாது. மசகுக்குப் பெட்ரோலிலேயே டூடி ஆயில் கலக்கிறோம். குளிர்விக்க ரேடியேட்டர் கிடையாது. என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் இருக்கும் இறக்கைகளே மின்விசிறியாகச் சுழன்று சிலிண்டர்மேல் காற்றை அடிக்கின்றன.

என்ஜினை நிறுத்தியதும் அந்த விசிறியும் நின்றுவிடுகிறது. சிலிண்டர் அப்போது 150 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடு எங்கே போகும்? பக்கத்தில் இருப்பவற்றுக்குத்தான். மண் அடுப்பில் கொடியடுப்பு என்று ஒன்று இருக்குமே, நினைவிருக்கிறதா? அதற்கென்று தனியாக விறகு கிடையாது. பெரிய அடுப்பின் அனல் பக்கவாட்டுத் துளை வழியாக வந்து அதன்மேல் இருக்கும் பாலைக் காய்ச்சும். இந்த மிஷினில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது கொடியடுப்பில்தான். ஓடும்போது விசிறிக் காற்றும், உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும் புதுப் பெட்ரோலும் அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் இல்லை. அதனால் சிலிண்டர் ஆறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கார்புரேட்டர் சூடேறிக்கொண்டே போகிறது. நிறுத்தி 10, 15 நிமிடம் ஆனபோதுதான் அது உச்சச் சூட்டில் இருக்கும். அப்புறம் மெல்ல இறங்கும்.

சூடேறினால் என்ன? பெட்ரோல் தண்ணீரைப் போல ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவற்றுள் ஒன்றான பென்டேன் 36 டிகிரியிலேயே கொதித்துவிடும். கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். அக்னி நட்சத்திர நாளில் நம்மூர் வெயிலே பென்டேனைக் கொதிக்க வைக்கப் போதும். கேனைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வருவது அதனால்தான். அப்படியிருக்க, 60, 70 டிகிரிக்குப் போய்விட்ட கார்புரேட்டருக்குள் பெட்ரோல் சும்மா இருக்குமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க அனுமதி கேட்கிறேன். ஏனென்றால் இந்தக் கார்புரேட்டர் நான் பார்த்து வியந்த சின்னப் பொருள்களில் ஒன்று.

பைக் கார்புரேட்டரில் ஒரு மிதவை உண்டு. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் பந்து மிதந்து தண்ணீரை நிறுத்துகிறதே, அதே ஏற்பாடு. நிமிர்ந்து நிற்கும் வண்டிக்கு அது போதும். ஆனால் மரம் அறுப்பவர் மிஷினை நேராகவா பிடிக்கிறார்? படுக்க வைத்து அடிமரம் அறுக்கிறார், தலைகீழாகத் திருப்பிக் கிளை கழிக்கிறார். தொட்டியைக் கவிழ்த்தால் பந்து என்ன செய்யும்? 1920களில் ஜெர்மனியில் வந்த ஆரம்பகாலப் பெட்ரோல் ரம்பங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பாரம். மிதவை வைத்த ரம்பங்களில் என்ஜினை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு, அறுக்கும் பட்டையை மட்டும் திருப்பிக்கொள்வார்கள். மிதவையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் சவ்வை வைத்த பிறகுதான் ஒரே ஆள் எப்படி வேண்டுமானாலும் பிடித்து அறுக்கும் ரம்பம் சாத்தியமானது.

அந்தச் சவ்வின் பெயர் டயாஃப்ரம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய உலோகக் கட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குழி. குழியின் மூடிதான் சவ்வு. குழிக்குள் பெட்ரோல், சவ்வுக்கு வெளியே திறந்த காற்று. என்ஜின் மூச்சு இழுக்கும்போது குழியிலிருந்து பெட்ரோல் ஜெட் என்ற நுண்துளை வழியாக உறிஞ்சப்படுகிறது. குழியில் பெட்ரோல் குறைந்ததும் வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு ஒரு குட்டி நெம்புகோலை அழுத்துகிறது. நெம்புகோலின் மறுமுனை ஒரு ஊசியைத் தூக்குகிறது. ஊசி அடைத்திருந்த துளை வழியாகப் புதுப் பெட்ரோல் வருகிறது. குழி நிறைந்ததும் சவ்வு பழைய இடத்துக்குப் போகிறது, ஊசி இறங்கி அடைக்கிறது. எவ்வளவு செலவானதோ அவ்வளவு மட்டும் வரும். புவியீர்ப்புக்கு இதில் வேலையே இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் கணக்கு தப்பாது.

சரி, டேங்கிலிருந்து பெட்ரோலை அந்த ஊசி வரைக்கும் கொண்டுவருவது யார்? மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. இன்னொரு சவ்வு இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே உள்ள அறையில் அழுத்தம் குறையும், கீழே வரும்போது கூடும். அந்த அறையிலிருந்து ஒரு மெல்லிய துளை இந்த இரண்டாவது சவ்வின் முதுகுக்கு வருகிறது. என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் சவ்வு ஒரு முறை துடிக்கும். பக்கத்தில் இரண்டு சின்ன மடல்கள், நம் இதய வால்வு மாதிரி, பெட்ரோலை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும். நிமிடத்துக்கு 9000 சுற்று என்றால் நொடிக்கு 150 துடிப்பு. என்ஜின் தன் மூச்சாலேயே தன் இதயத்தை அடிக்க வைக்கிறது! இதை யோசித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஆனால் இந்த அழகான ஏற்பாடு திரவத்துக்காகச் செய்தது. கொதிக்கத் தொடங்கினால் இரண்டு சங்கடம், ஒன்றன்பின் ஒன்றாக.

முதலில், குழிக்குள் கிளம்பும் ஆவி, மிச்சம் இருக்கும் பெட்ரோலை ஜெட் வழியாக வெளியே தள்ளுகிறது. ரசம் பொங்கி வழிகிற மாதிரி. அது என்ஜினின் வாயில் போய்த் தேங்குகிறது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. இந்த நிலையில் கயிற்றை இழுத்தால் பிளக் நனைந்துபோகும். கிளம்பவில்லையே என்று நாம், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டு இன்னும் நாலு இழுப்பு இழுப்போம். அதோடு கதை முடிந்தது.

அடுத்து, குழியிலும் குழாயிலும் இப்போது ஆவிதான் இருக்கிறது. பம்ப் சவ்வு துடிக்கிறது, ஆனால் ஆவி வெறுமனே அமுங்கி விரிகிறது, நகரவில்லை. கிணற்று மோட்டாரில் காற்று புகுந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது இல்லையா? விவசாயிக்கு ஏர் லாக் என்றால் விளக்கவே வேண்டாம். அதே கதைதான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட துடிப்பில் ஆவியை எப்படியாவது தள்ளிவிடும். கையால் ஒரு தடவை கயிற்றை இழுத்தால் கிடைப்பதோ சில சுற்றுகள் மட்டுமே.

அதனால்தான் ஒருநாள் பிளக் நனைந்தும், இன்னொரு நாள் காய்ந்தும் இருக்கிறது. மெக்கானிக்குகள் குழம்புவதும் இங்கேதான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்து மாட்டி, சோக்கை முழுதாக எடுத்துவிட்டு, வேகம் கூட்டும் த்ராட்டிலை அழுத்திப் பிடித்தபடி ஏழெட்டு இழுப்பு இழுங்கள். செயின் சுற்றாமல் தடுக்கும் செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும், கிளம்பியதும் உடனே த்ராட்டிலை விட வேண்டும். காய்ந்திருந்தால், ரப்பர் குமிழ் உள்ள மிஷினாக இருந்தால் அதைப் பத்து தடவை அமுக்குங்கள். ஆவி டேங்குக்குத் திரும்பி, குளிர்ந்த பெட்ரோல் வந்து சேரும்.

எச்சரிக்கை ஒன்று. கிளம்பவில்லை என்ற கோபத்தில் சூடான மிஷினின் டேங்க் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் மூடி திறந்ததும் சோடா மாதிரி பீறிட்டுச் சட்டையை நனைக்கும். பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த சைலன்சர். அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கப் போனவர்களே இப்படித் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். டேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு சேர்ந்திருக்கிறது. 2025இல் அது நாடு முழுவதும் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். அப்படியானால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோலில் உள்ள சில மூலக்கூறுகளோடு கூட்டணி சேர்ந்தால், இரண்டும் தனித்தனியாகக் கொதிக்கும் வெப்பநிலையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சேர்ந்து ஆவியாகும். போதாக்குறைக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதற்கென்று தயாரிக்காத பழைய ரப்பர் சவ்வுகளைக் கெடுக்கும். கார்களைப் பற்றி எல்லோரும் சண்டை போடுகிறார்கள். மருந்து தெளிப்பான், களை வெட்டும் மிஷின், ரம்பம் இவற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஒரு பாலிடெக்னிக் மாணவருக்குக் கார்புரேட்டரில் ஒட்ட ஒரு வெப்ப உணரியும் இரண்டு வகைப் பெட்ரோலும் கொடுத்தால் ஒரே கோடையில் உருப்படியான ஆய்வு கிடைக்கும். ராக்கெட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ராக்கெட் பட்ஜெட்டின் சில்லறையைத் தோப்புக்குள்ளும் கொஞ்சம் சிதறவிடலாம் என்கிறேன்.

ஆவி மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. பிளக்குக்குப் பொறி தரும் கம்பிச் சுருளான இக்னிஷன் காயிலும் (coil) கொடியடுப்பில்தான் இருக்கிறது. அதற்குள் முடியளவு கம்பி எங்காவது விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நேரக் கணக்கு அச்சு அசலாக ஒன்றுதான். அதனால் கிளம்பாமல் அடம்பிடிக்கும் அந்த நிமிடத்திலேயே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும், பெட்ரோல் சிந்திய இடத்திலிருந்து தள்ளி வைத்து. ஆறிய பிறகு பார்த்துவிட்டு, காயில் நன்றாக இருக்கிறது என்று சொல்வது வீண். அப்புறம், அழுத்தம் கசியாமல் காக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் சூட்டில் ஆயில் இளகி அழுத்தம் நிற்காது. கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டால் தடைபட்டுத் தடைபட்டு இறங்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் ரிங்கைப் பாருங்கள்.

நம் வாசகரிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார், நல்ல விஞ்ஞானி. நிறுத்திய 15 நொடியில் முதல் இழுப்பு. 5 நிமிடத்தில் ஏழாவது இழுப்பு. 12 நிமிடத்தில் இருபது இழுத்தும் இல்லை. 45 நிமிடத்தில் இரண்டாவது இழுப்பு. 12ஆவது நிமிடத்தில் பொறி நீலமாக வந்தது. பிளக் நனைந்திருந்தது. அப்படியானால் இக்னிஷன் காயில் குற்றவாளி இல்லை.

பிறகு மேல்மூடியைக் கழற்றச் சொன்னேன். சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளுக்கு நடுவே தென்னை நாரும் தூளும், செயினுக்கு விடும் ஆயிலில் ஊறி, மெத்தை மாதிரி அடைத்துக் கிடந்தன. தேக்கு அறுத்தால் பொடி உதிரும், தென்னை அறுத்தால் நார் நாராக வந்து ஒட்டும். விசிறிக் காற்று போக வழியே இல்லை. சிலிண்டர் தேவைக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டையெல்லாம் கார்புரேட்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். மூன்று வருடத்தில் விறைத்துப்போயிருந்த சவ்வுகளையும் மாற்றினார். இப்போதெல்லாம் நிறுத்தும் முன் அரை நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிழலில் வைக்கிறாராம். 12ஆவது நிமிடத்தில் மூன்றாவது இழுப்புக்குக் கிளம்புகிறது.

பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னாராம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி தம்பி, அன்னிக்குப் பழம் சுத்துனதாலதானே இவ்வளவும் கண்டுபிடிச்சே" என்றிருக்கிறார்.