ஹமார்த்தியா: குறையா, பிழையா?

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளை ஒருத்தி போன கிழமை முள்ளியவளையிலிருந்து கொப்பியோடு வந்தாள். அடிமட்டம் வைத்துக் கீறிய அட்டவணை. சேக்ஸ்பியரின் ஹம்லெட்டுக்கு நேரே ‘தயக்கம்’, ஒதெல்லோவுக்கு ‘சந்தேகம்’, மக்பெத்துக்குப் ‘பேராசை’, ஈடிப்பஸ் மன்னனுக்கு ‘ஆணவம்’. மேலே சிவப்புப் பேனையால் தலைப்பு: துன்பியல் குறை, அதாவது துன்பத்தில் முடிகிற நாடகத்தில் நாயகனை வீழ்த்துகிற குணக்குறை.

“சேர், ஒராளுக்கு ஒரு குறைதானோ?”

ஆஸ்பத்திரித் துண்டு மாதிரி இருந்தது அந்தப் பக்கம். ஆளின் பெயர், பக்கத்தில் வருத்தத்தின் பெயர். பிள்ளையில் குற்றமில்லை. அந்தத் தலைப்புத்தான் அப்படி எழுதவைக்கிறது.

மூலச்சொல் கிரேக்க மொழியில் ‘ஹமார்த்தியா’. அதன் வினை ‘ஹமார்த்தனைன்’, குறி தவறுதல். ஹோமரின் இலியட்டில் வீசிய ஈட்டி ஆளில் படாமல் விலகிப் போகிற இடங்களில் இந்த வினைதான் வருகிறது. கெற்றப்போலால் மாங்காய்க்கு அடிக்கிற பொடியனை நினைத்துப் பாருங்கள். கல் மாங்காயில் படவில்லை, இலை மறைவில் இருந்த குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. அடுத்த நிமிசம் முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த அம்மம்மா முதல் நாய் வரை எல்லாரும் ஓட்டம். பொடியனிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. கூடு இருந்தது அவனுக்குத் தெரியாது. ஆனால் கல் அவன் கையால் போனது. ஹமார்த்தியா நிற்கிற இடம் இதுதான்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் தன் கவிதையியலின் 13ஆம் அதிகாரத்தில் இச்சொல்லை நாடகத்துக்குக் கொண்டுவந்தார். துன்பியல் நாயகன் மிக நல்லவனும் அல்ல, கெட்டவனும் அல்ல. அவன் விழுவது கயமையால் அல்ல, ஒரு பெரிய ஹமார்த்தியாவால் என்றார். அங்கே அவர் பெயர் சொல்லிக் காட்டுகிறவர்களில் ஒருவன் ஈடிப்பஸ். சோபோகிளிஸின் நாடகத்தில் அவன் கதை இப்படி: தகப்பனைக் கொல்வாய் என்று குறிகேட்ட இடத்தில் சொல்லப்பட்டதும், தகப்பன் என்று தான் நம்பியிருந்தவருக்குத் தீங்கு வரக்கூடாதென்று தான் வளர்ந்த கொரிந்துக்குத் திரும்பாமல் வேறு வழியால் போகிறான். மூன்று தெருக்கள் சந்திக்கிற இடத்தில் வழிவிடச் சொல்லித் தன்னை அடித்த கிழவரை ஆத்திரத்தில் கொன்றுவிடுகிறான். அவர்தான் பெற்ற தகப்பன். கோபக்காரன், சரி. ஆனால் எந்த அடியைத் தவிர்க்க ஓடினானோ அதே அடி அங்கே போய் விழுந்தது. ‘ஆணவம்’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டால் இதில் பாதி போய்விடும்.

பிறகு எப்படி இது குணக்குறையாயிற்று? புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘பாவம்’ என்பதற்கு வருகிற சொல்லும் ஹமார்த்தியாதான். அந்த வாசனையோடு வாசித்தால் மேடையில் விழுகிறவனிடம் ஒரு பாவத்தைத் தேடத் தோன்றும். 1904இல் அச்சேறிய, ஆங்கிலத் திறனாய்வாளர் ஏ. சி. பிராட்லியின் சேக்ஸ்பியர் விரிவுரைகள், நாயகனின் அழிவு அவன் குணத்திலிருந்தே முளைக்கிறது என்று அழுத்திச் சொல்லின. ஆங்கிலப் பாடக்குறிப்பில் குணக்குறையாக நின்றதை நாமும் ‘துன்பியல் குறை’, ‘அவலக்குறை’ என்று பெயர்த்துக்கொண்டோம். குறை என்பது ஆளிடம் ஏற்கெனவே கிடக்கிற ஒன்று. ஹமார்த்தியா ஆள் செய்கிற ஒன்று.

இதற்குச் சொல் தேடிக் கலைச்சொல் அகராதி புரட்டத் தேவையில்லை. 772ஆம் குறளை எடுங்கள்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

யானையைப் பிழைத்த வேல் என்றால் யானையில் படாமல் தவறிய வேல். கிரேக்கச் சொல் ஈட்டியிலிருந்து தவறுக்கு வந்தது போலவே நம் ‘பிழை’யும் இரண்டிடத்திலும் நிற்கிறது. தமிழகத்தில் பேச்சில் ‘தப்பு’ என்கிற இடத்தில் நாங்கள் நாள் முழுக்கச் சொல்வதும் பிழைதான்: கணக்குப் பிழை, வழி பிழைச்சுப் போச்சு, நான் விட்ட பிழை. இதே வினைக்கு உயிர் தப்புதல் என்ற பொருளும் உண்டு. வன்னியில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘பிழை’ மேடைக்கும் புதிதல்ல. மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து பத்தாவதாகத் தங்கிய இடம், ‘பத்தாம் பளை’ வற்றாப்பளையானது என்று ஊரில் சொல்வார்கள். வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிற அந்தக் கோயில் நந்திக்கடலோரம் இருக்கிறது. முல்லைத்தீவில் கோவலன் கூத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்குப் பாண்டியனின் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். அந்தக் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில், ஊடிப் போன தேவியிடம் விரைகிற நேரத்தில் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, சிலம்பு கோவலன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்கிறான். ‘தேரான் ஆகி’ என்கிறார் இளங்கோ, ஆராயாதவனாகி. கொடியவன் என்று சொல்லவில்லை. பிறகு கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். தேவியின் சிலம்பில் முத்து. இதிலிருந்து மாணிக்கம் தெறித்து மன்னன் வாயருகே படுகிறது. அப்போது அவன் வாயில் வருகிற சொல்லைப் பாருங்கள்:

யானோ அரசன் யானே கள்வன்
மன்பதை காக்குந் தென்புலங் காவல்
என்முதற் பிழைத்தது கெடுகஎன் ஆயுள்

‘என்முதல் பிழைத்தது.’ தன் ஹமார்த்தியாவுக்குத் தானே பெயர் வைத்துவிட்டுச் செத்து விழுகிற வேறொரு நாயகனை நான் அறியேன்.

ஆகவே என் எண்ணத்தில் ஹமார்த்தியா ‘பிழை’. அரிஸ்டோட்டில் ‘பெரிய’ என்ற அடையும் சேர்த்ததால் ‘பெரும்பிழை’ என்றாலும் பொருந்தும். அதற்குப் பின்னால் இருக்கிற தேராமையைத் தனியே எழுதலாம். ஒதெல்லோவுக்கு 510ஆம் குறளே போதும்: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ பொய் சொல்லி மூட்டிவிட்ட இயாகோவை ஆராயாமல் நம்பினான், நம்பிய மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகித்தான். ஒன்றேமுக்கால் அடிக்குள் இரண்டும் வந்துவிட்டன. மக்பெத் மட்டும் இந்த வரிசைக்குள் லேசில் வரமாட்டான். அவன் தெரிந்துகொண்டே டங்கன் மன்னனைக் குத்துகிறான், குறி தவறவேயில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பிள்ளை சிவப்புப் பேனையைத் திறந்தாள், மூடினாள்.

“சேர், சோதினையில குறை எண்டு எழுதாட்டிப் புள்ளி வெட்டுவினமோ?”

“ரெண்டையும் எழுது பிள்ளை. பிழை எண்டதை முன்னுக்குப் போடு.”