சொல் விளக்கம்: எஸ்டேட் பிளானிங் என்பது தோட்டத் திட்டமிடல் அன்று

அமெரிக்காவில் மகள் வீட்டோடு இருக்கும் என் பெரியம்மா சென்ற மாதம் ஒரு துண்டறிக்கையைப் படமெடுத்து அனுப்பி, "இது எதைப் பத்தினதுப்பா?" என்று கேட்டிருந்தார். அந்த ஊரில் தனியாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரின் அறிக்கை அது. தமிழ் முதியவர்களுக்கும் புரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் யாரையோ கொண்டு தமிழாக்கம் செய்திருந்தார்கள். தலைப்பில் "தோட்டத் திட்டமிடல் மற்றும் மூத்த சட்டம்" என்றும், அதன் கீழே "தனிப் பயிற்சி வழக்கறிஞர்" என்றும், உள்ளே "வழக்கறிஞரின் சக்தி", "வாழும் உயில்", "வாழும் அறக்கட்டளை" என்றும் அச்சாகியிருந்தது. "எனக்கு ஏதுப்பா தோட்டம்?" என்று கேட்டுவிட்டு அதை எடுத்துவைத்துவிட்டார் பெரியம்மா. முழங்கால் அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர் அவர். தம்மால் பேச முடியாத நிலை வந்தால் தமக்காக முடிவெடுக்க யாரை நியமிப்பது, அதை எப்படி எழுதிவைப்பது என்று சொல்லித்தரும் பக்கம் அந்த அறிக்கையிலேயே இருந்தது. தலைப்பு அவரை அங்கே போகவிடவில்லை.

எஸ்டேட் பிளானிங், அதாவது ஒருவர் தம் முதுமைக்கும் மறைவுக்கும் முன்கூட்டிச் செய்துவைக்கும் சட்ட ஏற்பாடு என்பதற்குத் தோட்டத் திட்டமிடல் என்ற இந்தத் தொடரை நான் பார்ப்பது இது முதல் முறையன்று என்பதால்தான் இதை விரிவாக எழுத நேர்கிறது.

எஸ்டேட் என்பதன் வேர் நிலை, நிற்றல் என்று பொருள்படும் லத்தீனின் ஸ்டேட்டஸ். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் ஒருவரின் சமூக நிலையைக் குறித்து, பிறகு அந்த நிலையைத் தந்த நிலவுரிமையைக் குறித்து, முடிவில் சட்ட வழக்கில் ஒருவர் விட்டுச்செல்லும் அனைத்தையும், அதாவது வீடு, வைப்புத்தொகை, நகை, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் எல்லாவற்றையும் ஒருசேரக் குறிக்கலாயிற்று. தமிழுக்கு வந்தபோது நிலப்பொருள் மட்டுமே ஒட்டிக்கொண்டு வந்தது. ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் ஜமீனை எஸ்டேட் என்றே பெயரிட்டு அழைத்தது. தேயிலைக்கும் காப்பிக்கும் எஸ்டேட் என்றோம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு மட்டும் தொழிற்பேட்டை என்ற அழகான சொல்லை ஆக்கிக்கொண்டோம். ஆகவே எஸ்டேட் என்றதும் தமிழ்க் காதில் மலைச்சரிவும் தேயிலையும்தான் வந்து நிற்கும். அதை அப்படியே தோட்டம் என்று எழுதியவர் சொல்லைப் பார்த்தாரே தவிர, அந்த வழக்கறிஞர் செய்யும் வேலையைப் பார்க்கவில்லை.

அந்த வேலைதான் என்ன? உயில் எழுதித் தருவது அதில் ஒரு பகுதி. ட்ரஸ்ட் அமைப்பது, நினைவு தவறினாலோ படுக்கையில் விழுந்தாலோ வங்கிக் கணக்கைக் கவனிக்க முகவரை நியமிப்பது, மருத்துவ முடிவுகளை எடுக்க வேறொருவரை நியமிப்பது, சிறு பிள்ளைகளுக்குக் காப்பாளரைக் குறிப்பிடுவது, காப்புறுதியிலும் ஓய்வூதியக் கணக்கிலும் பயனாளி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என அது விரியும். இவற்றுள் பாதி, ஆள் உயிரோடு இருக்கும்போதே நடைமுறைக்கு வருபவை. சிலவற்றுக்குச் சொத்தோடு தொடர்பே கிடையாது.

தோட்டம் தவறு என்பதை எவரும் ஒப்புக்கொள்வார்கள். என் வாதம் அதைவிட மதிப்பாக உலவிவரும் சொத்துத் திட்டமிடல் என்ற ஆக்கத்தோடுதான். கலைச்சொல் பட்டியல் தயாரிப்பவர்களும் நிதி ஆலோசனைக் கட்டுரை எழுதுபவர்களும் இதையே சரியான தமிழ் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொத்து என்ற சொல்லின் பிறப்பு வடமொழியா என்பதைக் கிளறி இதை மறுக்க வரவில்லை. பல நூற்றாண்டு புழங்கிய சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது வீண் வேலை. பொருள்தான் இங்கே குறை. சொத்து என்பதை நாம் சேர்க்கிறோம், வாங்குகிறோம், பிரிக்கிறோம். அதனோடு திட்டமிடல் சேர்ந்தால் கேட்பவர் மனம் மனை வாங்குவதற்கும் முதலீட்டுக்கும் போய்விடுகிறது. வாடகை வீட்டில் ஓய்வூதியத்தோடு வாழும் ஒரு முதியவர் "எனக்குச் சொத்து இல்லை, எனக்கு இது வேண்டாம்" என்று விலகிவிடுவார். மருத்துவ முகவரை நியமிக்கும் தேவை அவருக்கும் மற்றெல்லாரையும் போலவே இருக்கிறது. சொத்து என்றால் எல்லோருக்கும் புரியும் என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. பெரியம்மாவுக்குத் தோட்டம் என்பதும் தெளிவாகவே புரிந்தது.

வாரிசுத் திட்டமிடல் என்று எழுதுவோரும் உண்டு. அது நிறுவனங்கள் அடுத்த தலைவரைத் தேர்ந்து வளர்ப்பதற்கு ஏற்கெனவே வழங்கிவரும் பெயர். மேலும், வாரிசு என்றதுமே சாவுக்குப் பிந்தியது என்ற எண்ணம் வந்து, உயிரோடிருக்கும்போது பயன்படும் பாதி மறைந்துபோகிறது. மரபுரிமைத் திட்டமிடலுக்கும் இதே குறைதான்.

நான் பரிந்துரைப்பது உடைமை ஏற்பாடு. உடைமை பொருளோடு நின்றுவிடும் சொல்லன்று. அன்புடைமை, அறிவுடைமை, அடக்கமுடைமை என்று குறளின் அதிகாரப் பெயர்களிலேயே அது ஒருவர் தம்முடையதாகக் கொண்ட எதையும் தழுவி நிற்கிறது. தம் உடம்பு பற்றிய முடிவும் ஒருவருக்கு உடைமையே. ஏற்பாடு, ஏற்படு என்ற வினையின் முதனிலை திரிந்து பிறந்த தொழிற்பெயர். (பொழுது சாய்வதைக் குறிக்கும் எற்பாடு குறில் எகரத்தில் தொடங்கும் வேறு சொல், இரண்டையும் குழப்பக் கூடாது.) இச்சொல்லை நான் விரும்பக் காரணம் உண்டு. உயிலைக் குறிக்கும் லத்தீனின் டெஸ்டமென்டம் என்ற சொல்லே ஆங்கிலத்தின் டெஸ்டமென்ட். உயிலின் முழுப் பெயரில் அது இன்னும் இருக்கிறது. அதே சொல்லுக்கு விவிலியத்தில் தமிழ் தந்த பெயர் ஏற்பாடு: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. "எல்லா ஏற்பாடும் செஞ்சு வெச்சுட்டுத்தான் போனார்" என்று இறந்தவரைப் பற்றி வீட்டார் சொல்லும்போது எஸ்டேட் பிளானிங்கின் முழுப் பொருளையும் சொல்லிவிடுகிறார்கள். திட்டமிடலில் காகிதமும் கணக்கும்தான் தெரிகின்றன. ஏற்பாட்டில் ஆட்களும் தெரிகிறார்கள். கடனை உடைமை என்ற சொல் தழுவாது என்ற குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சொத்தும் அதைத் தழுவுவதில்லை.

அறிக்கையின் மற்றப் பிழைகள் இன்னும் கேடானவை. அட்டர்னி என்பதன் மூலப் பொருள் நியமிக்கப்பட்டவர், பிறர் சார்பில் செயல்படுபவர் என்பது. அரபியிலிருந்து பாரசீகம் வழியாக நமக்கு வந்த வக்கீல் என்பதற்கும் அதே பொருள்தான். பவர் ஆஃப் அட்டர்னியில் வரும் அட்டர்னி வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. மகளாகவோ அண்டை வீட்டுக்காரராகவோ இருக்கலாம். அதை "வழக்கறிஞரின் சக்தி" என்று எழுதினால், தம் கணக்கையும் கையெழுத்தையும் ஒரு வக்கீலிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்று முதியவர் அஞ்சுவது இயல்பு. அதிகாரப் பத்திரம், பவர் பத்திரம் என்று பத்திரம் எழுதுவோர் வழங்கும் பெயர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இலங்கைத் தமிழர் அற்றோணித் தத்துவம் என்கிறார்கள். அதில் தத்துவம் என்பது அதிகாரம் என்ற பழம்பொருளில் நிற்கிறது. "தனிப் பயிற்சி" என்பதோ தொழில் நடத்துவதைக் குறிக்கும் பிராக்டிஸ் என்ற ஆங்கிலச் சொல்லைப் பயிற்சியாக்கி, அவரை டியூஷன் ஆசிரியராகவோ தொழில் பழகுபவராகவோ காட்டுகிறது. தனித்துத் தொழில் நடத்தும் வழக்கறிஞர் என்றால் போதும்.

எல்டர் லா என்ற ஆங்கிலத் தொடருக்கு இட்ட "மூத்த சட்டம்" என்பதைப் படிப்பவர் இளைய சட்டம் எது என்று தேடுவார். முதியோர் சட்டம் என்று திருத்தினாலும் முழுதும் சரியாகாது. தமிழில் சட்டம் என்றால் மன்றம் இயற்றிய ஒரு சட்டம் என்றே முதலில் தோன்றும். இதுவோ பல சட்டங்களைத் தழுவிய துறை. இதற்கென அமெரிக்க வழக்கறிஞர்கள் 1987இல் தேசிய அமைப்பு ஒன்றையே தொடங்கினார்கள். முதியோர் நலச் சட்டத்துறை என்பது பொருந்தும். இங்கே சொல் தவறினால் பணமும் தவறும். வருமானம் குறைந்தோருக்கென 1965இல் தொடங்கிய மெடிகெய்ட் என்னும் அமெரிக்க அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் முதியோர் பராமரிப்பு இல்லச் செலவுக்கு உதவி கோரினால், பெரும்பாலான மாநிலங்களில் முந்தைய 60 மாதங்களில் செய்த கொடைகளைத் துருவிப் பார்ப்பார்கள். மகன் பெயருக்கு வீட்டை எழுதிவைத்த தாய்க்கு அதனால் உதவி சில காலம் மறுக்கப்படலாம். அந்த எச்சரிக்கை இந்த அறிக்கையின் நான்காம் பக்கத்தில், "மூத்த சட்டத் தோற்றம் பின்னோக்கு" என்ற தலைப்பின் கீழ், எவருக்கும் விளங்காமல் கிடக்கிறது. மொழிபெயர்ப்பவர் தாம் எழுதியதை வீட்டிலுள்ள ஒரு முதியவரிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தால் இது அச்சேறியிருக்காது. கூலி குறைவு, அவகாசம் குறைவு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் அந்தக் கூலிக்கு வேலை செய்தவன். ஆனாலும் ஒருவரின் கடைசி நாட்களைத் தொடும் தாளில் பொருள் தெரியாமல் சொல்லை இறக்கிவைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ட்ரஸ்டுக்கு இட்ட அறக்கட்டளை பற்றியும் ஒரு சொல். குடும்பத்தார் நலனுக்காக வீட்டை ஒருவர் பொறுப்பில் வைப்பதில் அறமும் இல்லை, கட்டளையும் இல்லை. இலங்கையில் வழங்கும் நம்பிக்கைப் பொறுப்பு என்பது நம்பிக்கை, பொறுப்பு என்ற ட்ரஸ்டின் இரு பொருளையும் தாங்குகிறது; தமிழகமும் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வாழும் நம்பிக்கைப் பொறுப்பு என்று மீண்டும் கெடுக்காமல், வாழ்நாள் நம்பிக்கைப் பொறுப்பு என்க. வாழும் உயிலுக்கு மருத்துவ முன்விருப்ப ஆவணம் என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் எதற்கான தாள் என்பது படித்ததும் தெரியும்.

தலைப்பை "உடைமை ஏற்பாடும் முதியோர் நலச் சட்டத்துறையும்" என்று மாற்றி, உள்ளே இருந்ததையும் திருத்திப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அதிகாரப் பத்திரத்தில் மகளையே முகவராகக் குறிப்பிடலாம் என்ற வரியை அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பிய அவர், அந்த அலுவலகத்தின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்.